ஆடாதோடை: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் மூலிகைப் பக்கத்தில் ஆடாதோடை பற்றி வந்ததைப் படித்தேன். மழை பிடித்து வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும் நேரத்தில் அந்தச் செடியைப் பற்றி எழுதியது நல்ல காரியம். ஆனால் கடைசிப் பத்தியில், "பக்கவிளைவே இல்லாததால் கைக்குழந்தை முதல் கர்ப்பிணி வரை யாரும் அருந்தலாம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த வைத்தியரைக் கேட்டு இதை எழுதினார்கள்?

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆடாதோடையைப் பழித்துப் பேச வரவில்லை. எங்கள் ஊரில் ஆடு மாடு வாய் வைக்காத செடி என்று தோட்டத்தைச் சுற்றி அதைத்தான் வேலியாக நட்டிருப்பார்கள். என் பிள்ளைகளுக்குச் சளி கட்டினால் என் மாமியார் இரண்டு இலையை நரம்பு கிள்ளி, மிளகு தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சித் தேன் விட்டுக் கொடுப்பார். அந்தக் கசப்புக்கு முகத்தைச் சுளித்தாலும் இரவில் பிள்ளைகள் தூங்கும். இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்திலிருந்து வழிபிடித்துத்தான் 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே செய்தார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் விற்கும் அம்ப்ராக்சாலும் அதன் வாரிசுதான். அவ்வளவு வேலை செய்கிற இலை, வேண்டாத இடத்திலும் வேலை செய்யும் என்பதை உங்கள் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டாமா?

அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் உண்டு. ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் இதை ஆராய்ந்து எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இது உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்த மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ஆடாதோடை மணப்பாகு கொடுக்கும்போதெல்லாம், "மாசமா இருக்கியாம்மா?" என்று கேட்காமல் பாட்டிலைக் கையில் கொடுத்ததில்லை.

என் பொறுப்பில் இருந்த கிராமத்தில் ஒரு பெண், தலைப்பிரசவம், ஏழாம் மாதம். விடாத இருமல். நர்சம்மாவிடம் சொன்னால் இங்கிலீஷ் மாத்திரை தருவாள் என்று பயந்து, வேலியில் ஒடித்த இலையைக் கைக்கு வந்த அளவு போட்டு, வேளைக்கு ஒரு டம்ளராகக் குடிக்க வைத்திருக்கிறார்கள். வயிறு இறுக்கிப் பிடிக்கிறது, உதிரம் படுகிறது என்று நடுராத்திரியில் என்னை எழுப்பினார்கள். 108 வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனை வரை போனேன். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, எப்படியோ தேறிவிட்டான். அந்த வீட்டாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். நாலு பேர் நம்பிப் படிக்கும் நாளிதழும் அதையே எழுதினால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படம் நொச்சி. விரல் விரலாக ஐந்தாகப் பிரிந்த இலையும் ஊதாப் பூவும் பார்த்த உடனே தெரிகிறது. ஆடாதோடை இலை மாவிலை போல முழுசாக இருக்கும், பூ வெள்ளை. படத்தைப் பார்த்து இலை பறிக்கப் போகிறவர்களுக்காகத்தானே அச்சிடுகிறீர்கள்?

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். டெங்கு பரவிய காலத்தில் நிலவேம்பு இலையை மட்டும் பறித்துக் கொதிக்க வைத்தால் போதும் என்று எழுதினீர்கள். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. அப்போதும் கடிதம் எழுதினேன், அதை நீங்கள் வெளியிடவில்லை. இதே ஆடாதோடை காசநோயைக் குணப்படுத்தும் என்று இன்னொரு முறை வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பேப்பரிலேயே போட்டிருக்கான்" என்று என்னிடம் காட்டிவிட்டு மாத்திரையை நிறுத்திய ஒரு கொத்தனாரை நான் அறிவேன். ஆறு மாத மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் படியாமல் போகும் என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். மறுபடி சிகிச்சைக்கு வந்தபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். போதாததற்கு அந்தப் பக்கத்தின் அடியிலேயே சர்க்கரை நோயை அடியோடு தீர்ப்பதாக ஒரு விளம்பரம். அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்தது. டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அதன் பிறகு தாய்மார்கள் சிரப் பாட்டிலைக் கண்டாலே நடுங்குகிறார்கள், அது நியாயமும்கூட. அந்தப் பயத்தோடுதான் இப்போது வேலிப்பக்கம் போய் இலை ஒடிக்கிறார்கள். இந்த நேரத்தில் எதை, எவ்வளவு, யாருக்கு என்று எழுதுவதில் உங்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது எனக்கு ஆறவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு அதே மூலிகைப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "கர்ப்பிணிகள் ஆடாதோடை அருந்தக் கூடாது, கைக்குழந்தைகளுக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது" என்று போடுங்கள். சரியான படத்தையும் சேர்த்துப் போடுங்கள். உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். இந்தக் கடிதத்தை வெளியிட இடமில்லை என்றால் பரவாயில்லை, அந்தத் திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.