பொங்கலுக்கு எத்தனை கலோரி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாப்பிடுவதையெல்லாம் செல்போன் செயலியில் பதிந்து வந்தால் வாய் கட்டுப்படும் என்று இணைப்பிதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டை அதில் தேடிப் பிடிக்கிற பாட்டைக் கட்டுரை தொடவே இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னதால் அவர் சாப்பிடுவதை நான்தான் பதிகிறேன். 'வெண்பொங்கல்' என்று தேடினால் வரிசையாக வந்து விழுகிறது. ஒன்றில் 100 கிராமுக்கு 130 கலோரி, இன்னொன்றில் 350. இரண்டுமே யாரோ ஏற்றிவிட்டுப் போனவை. அரிசியும் பாசிப்பருப்பும் வேகாமல் இருக்கும்போது 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். தண்ணீர் குடித்து வெந்த வெறும் சோறு 130 சுமாருக்கு இறங்கிவிடும். ஆக, 350 போட்டவர் அரிசிக் கணக்கைப் பொங்கல் தலையில் கட்டியிருக்கிறார். சரி, 130-ஐ எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதில் நெய்யைக் காணோம். நெய் விடாமல் பொங்கல் செய்கிற வீடு எது? கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. இன்னொரு கரண்டி நெய் விழுந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

'ஒரு கப்' என்பது 240 மில்லியாம். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் மாதிரி இன்னொரு டம்ளர் இல்லை. 'ஒரு தோசை' என்று பதியச் சொன்னால் ஹோட்டல் நெய் ரோஸ்ட்டும் வீட்டுக் கல்தோசையும் ஒன்றா?

பாக்கெட்டில் வருவதற்கு மட்டும் ராஜமரியாதை. பார்கோடைக் காட்டினால் போதும், எல்லாம் தானாக ஏறிவிடுகிறது. முருங்கைக்கீரைப் பொரியலுக்குக் கோடா போட முடியும்? என் மகன் சாயங்காலம் சுண்டலை விட்டுவிட்டு ஓட்ஸ் பிஸ்கட்டைப் பிரிக்கிறான். கேட்டால், "பதியறது ஈஸிம்மா" என்கிறான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுப் பொருள்களுக்கென்றே ஓர் அட்டவணை வெளியிட்டது. 528 பொருள்கள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கேழ்வரகு எல்லாம் உண்டு. பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் கணக்குதான் என்றாலும் அது போதும். பல செயலிகளில் சொந்தச் சமையலைச் சேர்க்க வசதி இருக்கிறது. வெறும் பாத்திரத்தை முதலில் எடை போட்டு வைத்துக்கொண்டு, போடுகிற அரிசி, பருப்பு, நெய்யை அளந்து ஏற்றி, இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்தால் பொங்கலின் எடை வந்துவிடும். அப்புறம் தட்டில் வைப்பதை மட்டும் நிறுத்தால் சரி. ஒருமுறை மெனக்கெட்டால் அடுத்த முறையும் அதே அளவில் செய்யும்போது உதவும். யாரோ ஏற்றியதை நம்புவதைவிட இது மேல்.

இதில் உங்கள் பத்திரிகையும் உதவலாம். சமையல் பக்கத்தில் 'எண்ணெய் தேவையான அளவு' என்று போடாமல் எத்தனை தேக்கரண்டி என்று போடுங்கள். '4 பேருக்கு' என்பது யார் வயிற்றை வைத்து என்று தெரியவில்லை. இறக்கியதும் மொத்தம் எத்தனை கிராம் வந்தது என்று குறிப்பு அனுப்புகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள். போன வார எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பிலேயே எண்ணெய்க்கு அளவு இல்லை. அதை மட்டுமாவது அடுத்த இதழில் சொல்லிவிட்டால் நன்றி.

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்