பிள்ளையின் படம் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ரொறன்ரோவிலிருந்து நீர் அனுப்பிய செய்தி கிடைத்தது. இருதயத்தில் துவாரத்தோடு பிறந்த எங்கள் ஊர்ப் பிள்ளைக்காக உங்கள் சங்கம் இணையவழியில் காசு சேர்க்க முன்வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நீர் கேட்ட படத்தையும், தாய் அழுதபடி பேசும் காணொளியையும் நான் அனுப்பப் போவதில்லை. உம்மைப் போலவே நல்ல மனதோடு இவற்றைக் கேட்பவர்கள் பலர் இருப்பதால், காரணத்தைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் செலவைப் பார்ப்போம். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான இருதய சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; நாடு முழுவதிலுமிருந்து அங்கே வருவதால் காத்திருப்போர் பட்டியல்தான் நீளமானது. சில துவாரங்கள் பிள்ளை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றை, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி மீளாத நிலை வருவதற்கு முன்னரே மூடியாக வேண்டும். இந்தப் பிள்ளை எந்த வகை, எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதை இருதய நிபுணரின் கடிதம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வராமல், தனியார் வைத்தியசாலைக்கென்று இலட்சக்கணக்கில் தொகை குறித்துப் பதிவு போடுவது சரியல்ல.

அரச வைத்தியசாலையிலேயே எல்லாம் நடந்தாலும் குடும்பத்துக்குச் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒவ்வொரு கிளினிக்குக்கும் இரவு பஸ் ஏற வேண்டும்; தாய் வாட்டில் பிள்ளையோடு நிற்க, தகப்பனுக்கு வெளியே தங்குமிடமும் சாப்பாடும் வேண்டும்; கூலி வேலை செய்பவருக்கு அத்தனை நாட்களும் சம்பளம் இல்லை; வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் கிடைக்காத மருந்தை வெளியே வாங்கும்படி துண்டு கொடுத்தால், தோடு அடகுக்குப் போகும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இப்படி எத்தனையோ வீடுகளில் நடந்தது. இந்தச் சில்லறைச் செலவுகளால்தான் கிளினிக் தவறிப்போகிறது. ஆனால் அவற்றுக்காக யாரும் காணொளி எடுப்பதில்லை.

முகமில்லாத பதிவுக்குக் காசு சேராது என்று சொல்வீர். ஓரளவு உண்மைதான். ஆனால் முகத்தைக் காட்டினாலும் சேர்ந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை கோஃபண்ட்மீ என்ற இணையவழி நிதி சேர்ப்புத் தளத்தில் மருத்துவச் செலவுக்காக வைக்கப்பட்ட கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, இலக்குத் தொகையை எட்டியவை 12 வீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. வசதியான நட்பு வட்டம் உள்ளவருக்குச் சேருகிறது. இல்லாதவர் தன் துன்பத்தை ஊருக்கு விரித்துக் காட்டிய பின்னும் வெறுங்கையோடு நிற்கிறார். இங்கே இன்னொன்றும் உண்டு. இவள் பெண் பிள்ளை. சுகமாகி, படித்து, வேலைக்குப் போன பிறகும் அந்தக் காணொளி இணையத்தில் கிடக்கும். கலியாணப் பேச்சில் அதை யார் தேடி எடுப்பார் என்று எங்கள் சமூகத்தை அறிந்த உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நோயாளிகளின் சிகிச்சைக்கு இணையவழியில் காசு சேர்க்க 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய வட்சி என்ற அமைப்பைப் பாரும். கொஸ்தா ரிக்காவில் ஒரு தாய் மகனின் மருத்துவக் கோவையோடு பஸ்ஸில் ஏறி உதவி கேட்டதைக் கண்ட இளைஞர் ஒருவர் ஆரம்பித்தது அது. சிகிச்சைக்கென்று கொடுக்கும் காசு முழுவதையும் சிகிச்சைக்கே செலவிட்டு, நிர்வாகச் செலவைத் தனியாகச் சேர்த்து, கணக்கை எவரும் பார்க்கும்படி வைத்தார்கள். அவர்களும் நோயாளிகளின் படங்களைப் போடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கு வைத்த விதத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். கோஃபண்ட்மீயில் சேரும் காசை இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே எடுக்க வழியில்லாததால், அது முதலில் கனடாவில் உங்களில் ஒருவருடைய கணக்குக்குத்தான் வரும். எனவே பற்றுச்சீட்டுகள் உங்களுக்கே பாதுகாப்பு.

முகம் காட்டாமல் பெருந்தொகை சேர்ந்த கதை எங்கள் பக்கத்திலேயே உண்டு. 2011இல் நாட்டின் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கட்டடத்துக்குக் காசு சேர்த்தார்கள். கொடுத்தவர்கள் எந்தப் பிள்ளையின் கண்ணீரையும் பார்த்துத் தெரிந்தெடுக்கவில்லை. இன்று அங்கே சிகிச்சை பெறுபவரிடமும் யாரும் நன்றிக் காணொளி கேட்பதில்லை.

நிபுணரின் கடிதம் வந்ததும், பெயரையும் முகவரியையும் மறைத்து, பயணம், பரிசோதனை, மருந்து, இழந்த சம்பளம் என்று பிரித்து எழுதிய செலவு விபரத்தோடு அனுப்புகிறேன். தனியாரிடம் போகத்தான் வேண்டும் என்று நிபுணர் எழுதினால், வைத்தியசாலையின் மதிப்பீட்டையும் இணைப்பேன். அந்தக் காசை வைத்தியசாலைக்கே நேரடியாகச் செலுத்துங்கள். அதற்கிடையில் தாயைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் அங்கேயே விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துக் காசு மிஞ்சினால் என்ன செய்வது என்பதைச் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்னரே உங்கள் கூட்டத்தில் முடிவெடுத்து, அந்த முடிவையும் பதிவிலேயே எழுதிவிடும்.

அன்புடன்,
அக்கா
யாழ்ப்பாணம்