ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேறு மாடல் சர்வரும் கொடுங்கள்

சேலத்துத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அழகாபுரம் முதல் சூரமங்கலம் வரை உங்களைப் போன்றோரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பேரிடர் மீட்பு ஒத்திகை என்ற பெயரில், பேக்கப்பை அது எடுக்கப்பட்ட அதே சர்வரிலேயே திரும்ப ஏற்றிவிட்டு ‘வெற்றி’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக் எரிந்துபோனால் அந்தச் சர்வரும்தான் போகும். அன்றைக்குக் கடையில் எந்த மாடல் இருக்கிறதோ அதில்தான் ஏற்ற வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எழ வேண்டியது, ஊழியர்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி. பில்லிங், லேப், பார்மசி என எந்தக் கவுன்டரில் லாகின் செய்தாலும் அதைத்தான் கேட்கும். அதன் சிஸ்டம் ஸ்டேட்டை (விண்டோஸ் அமைப்புகளும் டைரக்டரியும் அடங்கிய பேக்கப்பை) வேறு வன்பொருளில் ஏற்றினால், விண்டோஸ் டிஸ்க்கை இயக்கும் பழைய கண்ட்ரோலர் சிப்பைத் தேடும். புதியதற்கு டிரைவர் இல்லையென்றால் நீலத்திரைதான். பூட் ஆனாலும் நெட்வொர்க் கார்டு புதிது. ஐபி முகவரியையும் டிஎன்எஸ்ஸையும் கையால் போட வேண்டும். பிறகு அது மற்ற டொமைன் கண்ட்ரோலர்களை, அதாவது ஆக்டிவ் டைரக்டரி ஓடும் பிற சர்வர்களைத் தேடிக் காத்திருக்கும்; லாகின் விதிகள் இருக்கும் சிஸ்வால் என்ற ஃபோல்டர் பகிர்வுக்கு வராது. சிஸ்வாலைச் சரிசெய்து, ஒரு நேரத்தில் ஒரே சர்வர் மட்டும் வகிக்கக்கூடிய ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளையும் கைப்பற்றி, இல்லாத சர்வர்களின் பதிவுகளை நீக்க வேண்டும். ஓபி வரிசை வாசல்வரை நிற்கும் நேரத்தில் இதை முதன்முதலாகச் செய்யும் நிலைமை எந்த ஊழியருக்கும் வரக்கூடாது.

இன்னொரு டொமைன் கண்ட்ரோலர் இருக்கிறதே என்பீர்கள். நான் பார்த்த இடங்களில் இரண்டும் ஒரே ரேக்கில்தான் இருக்கின்றன. விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாக ஓடும் சர்வர்) என்றால் டிரைவர் தொல்லை குறையும், மற்ற வேலைகள் குறையாது.

ஆக்டிவ் டைரக்டரியை மீட்கும்போது கேட்கப்படும் டைரக்டரி மீட்புக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அது டொமைன் அட்மினுடையது அல்ல, தனி. சர்வரை அமைத்தவர் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தால், சர்வர் நன்றாக ஓடும்போதே என்டிடிஎஸ்யூடில் என்ற விண்டோஸ் கருவி மூலம் மாற்றி, உறையிலிட்டு வேறு கட்டடத்தில் வையுங்கள். பேக்கப்பின் வயதையும் பாருங்கள்: டூம்ப்ஸ்டோன் காலம் (நீக்கிய பதிவுகளின் அடையாளத்தை டைரக்டரி வைத்திருக்கும் காலம்) பெரும்பாலும் 180 நாள், பழைய டொமைன்களில் 60. அதைத் தாண்டிய பேக்கப் பயன்படாது.

ஒத்திகை நெட்வொர்க்கின் ஒரு கேபிள்கூட நிஜ நெட்வொர்க்கைத் தொடக்கூடாது. பொறுப்புகளைக் கைப்பற்றிய பிரதி உள்ளே நுழைந்தால், இரு சர்வர்களும் ஒரே அடையாள எண்ணை வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம். முடிந்ததும் அந்த டிஸ்க்கை முழுவதும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊழியர்கள் அத்தனை பேரின் கடவுச்சொல் ஹேஷும் (கடவுச்சொல்லின் மாற்றிய வடிவமும்) அதில் இருக்கும்.

இதற்கு வருடத்தில் ஒரு ஞாயிறும், வேறு மாடல் மெஷின் ஒன்றும் ஒதுக்குங்கள். வாடகைக்கு எடுத்தாலும் போதும். லேப் ஊழியர் ஒருவர் அந்த மெஷினை நம்பித் தன் கடவுச்சொல்லில் லாகின் செய்த பிறகு மட்டும் அறிக்கையில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்துச் சர்வர் நிர்வாகி ஒருவர்