காரம் போடும் முன் இரண்டு கரண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பெண்கள் இணைப்பில் சின்னக் குழந்தைகளுக்கான மதிய உணவு என்று ஒரு பக்கம் முழுக்கக் குறிப்புகள் வந்திருந்தன. படங்கள் அழகாக இருந்தன. ஆனால் சீஸ், ப்ரோக்கோலி, ஓவன் என்று போகும் அந்தக் குறிப்புகளில் ஒன்றைக்கூட எங்கள் தெருவில் யாரும் ஒரு சாதாரண நாளில் செய்ய முடியாது. நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் வேலைக்குப் போவதால் பேரனும் பேத்தியும் இப்போது பகலில் என்னிடம்தான் சாப்பிடுகிறார்கள். அவனுக்கு வயது இரண்டு, அவளுக்கு நாலு.

குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும் என்ற நினைப்புதான் தாய்மாரை மலைக்க வைக்கிறது. அதற்கு நேரம் இருக்காது. பெரியவர்களின் குழம்போ காரம். கடைசியில் நூடுல்ஸ், இல்லையென்றால் பாலில் நனைத்த பிஸ்கட். எடை குறைந்த குழந்தைகளின் வீட்டுக்குப் போனால் "சோத்தைத் தொடவே மாட்டேங்குறான் டீச்சர், பிஸ்கட் குடுத்தாத்தான் வாயைத் திறக்குறான்" என்பார்கள். அப்போது அதே வீட்டு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்!

அந்தப் பருப்பில், புளியும் மிளகாய்த்தூளும் சேர்க்கும் முன் இரண்டு கரண்டி எடுத்து வையுங்கள். பாதி வேலை முடிந்தது. சோறு வைக்கும்போதே குக்கருக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் கேரட்டோ மஞ்சள் பூசணியோ நறுக்கிப் போட்டுவிட்டால் காயும் சேர்ந்து வெந்துவிடும். சோறு, பருப்பு, காய் மூன்றையும் கையால் மசித்து, சிட்டிகை சீரகப்பொடி போட்டு, ஒரு சின்ன ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். இந்த எண்ணெயில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. அது கொள்ளும் கொஞ்சச் சோற்றிலேயே தேவையான சக்தியும் போய்ச் சேர வேண்டும். வெறும் ரசம் சோறு கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதில் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

பருப்பு வேகாத நாளில் முட்டை இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையோடு வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, துளி மிளகுத்தூள் தூவி நன்றாக வேகும்வரை கிளறுங்கள். அப்புறம் சோற்றைப் போட்டுப் புரட்டினால் ஆயிற்று. இறக்கியதும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட மறக்காதீர்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் சி உதவும். டீ அதற்கு நேர்மாறு. எங்கள் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் சாப்பாட்டோடு டீ ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது.

இன்னொன்று நிலக்கடலை. பாதாம் வாங்க முடியவில்லையே என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். வருத்தமே வேண்டாம். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது, பாதாமுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கடலையை வறுத்துத் தோலைப் புடைத்துவிட்டு, வறுத்த எள், சீரகம், அளவாக உப்பு சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட விட்டால் எண்ணெய் கக்கி ஒட்டிக்கொள்ளும். ஈரம் படாத டப்பாவில் போட்டு வைத்தால் இட்லிக்கும் ஆகும், சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்தும் கொடுக்கலாம். என் பேத்தி வேறு எதைச் சாப்பிடாவிட்டாலும் கடலைப்பொடிச் சோறு என்றால் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். முழுக் கடலையை மட்டும் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு. முதல் தடவை துளியளவு கொடுத்துப் பாருங்கள்.

மீந்த இட்லி மாவில் கேரட் துருவிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றலாம். வெயில் நாளில் மாதுளை முத்துப் போட்ட தயிர் சோறு போதும், கூட ஒரு வாழைப்பழம். இதற்கெல்லாம் குறிப்பே தேவையில்லை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதே 2 வயதுப் பிள்ளைகளையும் அதில் சேர்த்திருந்தார்கள். சோறும் பருப்பும் காயும், பிறகு முட்டையும் சேர்ந்து எத்தனை பிள்ளைகளைத் தேற்றியிருக்கின்றன என்பதை எடை பார்த்துக் குறித்தவள் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் மே மாத விடுமுறையும் வந்தால் அந்தப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு வீட்டார் பொறுப்பு. விடுமுறை முடிந்து வரும்போது சில பிள்ளைகளின் எடை குறைந்திருக்கும். அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு முன்பாவது, உழவர் சந்தையில் அந்த வாரம் மலிவாகக் கிடைக்கும் காய், கீரையை வைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் குழந்தைச் சாப்பாடு ஒன்றை வாரந்தோறும் வெளியிடுங்கள். படம்கூட வேண்டாம். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், என்னைப் போல் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்தான் அதைப் படிக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
உசிலம்பட்டி.