முதல் ராக்கெட்டுக்கு முன்பே குலசேகரன்பட்டினத்தின் காற்றை அளந்து வையுங்கள்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திலிருந்து, இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே செல்லவிருக்கும், சிறு செயற்கைக்கோள்களை ஏவும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்று முதன்மைக் கட்டங்களும் திட எரிபொருளில் இயங்குபவை. முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 87 டன் எரிபொருள் இருக்கிறது. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் கலந்த இவ்வகை எரிபொருள் எரியும்போது, அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடாகவும், அதைவிடக் கூடுதலான பங்கு அலுமினியம் ஆக்சைடு துகள்களாகவும் வெளியேறுகிறது. இதில் பெரும்பகுதி உயரே பரவிவிடும் என்பதும், பெரிய ராக்கெட்டுகளோடு ஒப்பிட்டால் இது சிறியது என்பதும் உண்மைதான். ஆனால் முதல் சில நொடிகளில் தரையருகே திரளும் புகை எந்த ஊர்ப்பக்கம் நகர்கிறது, எங்கே கரைகிறது என்பதை அளந்துதான் அறிய முடியும்.

தரையில் வைக்கும் காற்று மாசு அளவிகள் தாம் நிற்கும் இடத்துக் காற்றைப் பற்றி மட்டுமே சொல்லும். புகை அவற்றின் தலைக்கு மேலே போய்விட்டால் ஒன்றும் பதிவாகாது. லேசர் ஒளியை வானில் செலுத்தி அளக்கும் லைடார் கருவி அப்படியல்ல. லேசர் துடிப்பு சென்று திரும்பும் நேரம் தொலைவையும், சிதறி வரும் ஒளியின் அளவு துகள்களின் செறிவையும் காட்டுவதால், நகரும் புகையை அதன் போக்கிலேயே தொடரலாம். நிறமற்ற ஹைட்ரஜன் குளோரைடு மட்டும் சாதாரணப் பச்சை லேசருக்கு அகப்படாது. அதற்கு 3.5 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில், அந்த வாயு உறிஞ்சும் அலைநீளம் ஒன்றையும் உறிஞ்சாத ஒன்றையும் அனுப்பி வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். செலவு கருதித் துகள் லைடாரோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணையும் தொண்டையையும் எரிக்கக்கூடியது இந்த வாயுதான்.

தங்கள் துறையின்கீழ் திருப்பதி அருகே காதங்கியில் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் பல ஆண்டுகளாக லைடாரை இயக்கிவருகிறது. ஆகவே அனுபவத்துக்குக் குறைவில்லை.

காலம்தான் முக்கியம். ஆடிக் காற்றில் தேரிச் செம்மண் புழுதியும் கடல் உப்பும் இங்கே ஏற்கெனவே மிதக்கின்றன. ஐப்பசி மழையோ காற்றில் உள்ளதைத் தரைக்கு இறக்கிவிடும். ஏவுதலுக்கு முன் ஓராண்டு முழுவதும் பதிவு இல்லையென்றால், பின்னர் அளப்பதில் எது ராக்கெட்டால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பதிவைக் கட்டுமானம் நடக்கும்போதே தொடங்கி, ஒவ்வோர் ஏவுதலின் அளவீட்டையும் மணப்பாட்டு மீனவரும் படிக்கும்படி தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டக் குடிமகன் ஒருவன்