எரிந்த ஈ.எஸ்.சி.க்குப் பதில் புதிதை எடுத்து வைக்குமுன்: கிருஷ்ணகிரி, தருமபுரி ஆர்.சி. கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரிமோட்டில் ஓடும் சின்ன ஆர்.சி. டிரக் விற்கும், பழுது பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த டிரக் நின்றுபோய்க் கடைக்கு வந்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஈ.எஸ்.சி. போயிடுச்சு, புதுசு போட்டுக்குங்க." (ஈ.எஸ்.சி. என்பது மோட்டாருக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் கருவி.) புதிது போட்ட டிரக், நாலைந்து பேட்டரி ஓடியதும் மறுபடி உங்கள் மேசைக்கே வருகிறது. முதல் ஈ.எஸ்.சி.யை எரித்த காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கும்போது இரண்டாவது மட்டும் எப்படிப் பிழைக்கும்? காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு அடுத்ததை விற்றுத் தாருங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை. எங்கே தேட வேண்டும் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் டயரை அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறதென்று 120 மில்லிமீட்டர் டயர் மாட்டியிருப்பார்கள். அது மோட்டார் தண்டிலுள்ள 15 பல் பினியனை (சின்னப் பல்சக்கரத்தை) 18 பல் ஆக்கியதற்குச் சமம். மோட்டார் திணறும், கரன்ட் ஏறும், ஈ.எஸ்.சி. சூடாகும். பழைய நிலைக்கு வர 12 அல்லது 13 பல் பினியன் போட வேண்டும். பெரிய டயர் விற்கும்போதே கூடவே இந்தப் பினியனையும் எடுத்து வைப்பதுதான் நியாயம். ஓட்டிப் பார்த்து 5 நிமிடத்தில் நிறுத்தி, வெப்பமானித் துப்பாக்கியை மோட்டாரின் மேல் காட்டுங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறைக்க வேண்டும். ஓசூரின் காலைக் குளிரில் 65 காட்டிய அதே மோட்டார், சித்திரை மதியம் தருமபுரியில் 80-ஐத் தாண்டிவிடும். ஆகவே எந்த ஊரில், எந்த நேரத்தில் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டுத்தான் பல் சொல்ல வேண்டும்.

அடுத்தது பி.ஈ.சி., அதாவது பேட்டரி வோல்டேஜைக் குறைத்து, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் கொடுக்கும் பகுதி. நம் பக்கத்தில் பாறை ஏறும் கிராலர்தான் அதிகம் ஓடுகிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்? முன்சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால், 25 கிலோ திருப்புவிசை கொண்ட சர்வோ அசைய முடியாமல் 2, 3 ஆம்பியர் வரை இழுக்கும். ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் சின்ன பி.ஈ.சி. அதைத் தாங்காமல் வோல்டேஜை விட்டுவிடும். 4 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரிசீவர் தடுமாறும், அணைந்து மறுபடி எழும். "ரிமோட் ரேஞ்ச் சரியில்லை" என்று வரும் புகார்களில் பல உண்மையில் இதுதான். ரிமோட்டை மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. சோதிப்பது சுலபம். முன்சக்கரங்களைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு நொடி மட்டும் ரிசீவர் விளக்கைப் பாருங்கள். விளக்கு இமைத்தால் பி.ஈ.சி. போதவில்லை. மல்டிமீட்டர் இந்தக் கணநேர இறக்கத்தைக் காட்டாமல் போகலாம், விளக்கு காட்டிக்கொடுக்கும்.

விலை குறைந்த பிரஷ்டு (பிரஷ் வைத்த மோட்டாருக்கான) ஈ.எஸ்.சி.களில், மிச்ச வோல்டேஜைச் சூடாக்கியே கழிக்கும் லீனியர் பி.ஈ.சி. இருந்தால் இன்னும் மோசம். முழுதாகச் சார்ஜ் ஆன 3 செல் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரியில்) 12.6 வோல்ட் இருக்கும். அதில் 5 வோல்ட் போக மிச்சம் 7.6. சர்வோ 2 ஆம்பியர் இழுத்தால் 15 வாட் வெறும் சூடாகவே போகிறது, அதாவது ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஈ.எஸ்.சி.க்குள் செருகி வைத்த மாதிரி. 3 செல் போடுபவருக்கு, இப்படிச் சூடாக வீணாக்காத ஸ்விட்சிங் வகை வெளி பி.ஈ.சி. சேர்த்துக் கொடுங்கள். மாட்டும்போது, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் பிளக்கின் நடுவிலுள்ள சிவப்பு ஒயர் பின்னை வெளியே எடுத்து டேப் சுற்ற மறக்காதீர்கள். எடுக்காவிட்டால் இரண்டு பி.ஈ.சி.யும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு, ஏதாவது ஒன்று சாகும். ரிசீவரில் காலியாக உள்ள சேனலில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் செருகுவதும் நல்லதுதான், ஆனால் அது சின்ன இறக்கத்தைத்தான் தாங்கும். பலவீனமான பி.ஈ.சி.க்கு அது மாற்று அல்ல. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

சால்டரிங் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். பேட்டரி ஒயர் 12 கேஜ் தடிமன். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் அதைச் சூடாக்காது. ஈயம் மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கும், உள்ளே இழைகள் காய்ந்தே கிடக்கும். ஷ்ரிங்க் டியூபை வெட்டிப் பாருங்கள்: சாம்பல் நிறமாக, சொரசொரவென்று இருந்தால் அது ஒட்டவே இல்லை. நல்ல இணைப்பு பளபளப்பாக, இழைகளின் வடிவம் தெரியும்படி இறங்கியிருக்கும். ஒட்டாத இணைப்பில் தடை அதிகம், சூடு அதிகம். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகி, பின் சாய்ந்துபோவது அதனால்தான். 60 முதல் 80 வாட் அயர்ன், அகல முனை, 60/40 ஈயம் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.டி.60 பேட்டரி கனெக்டரில் சால்டர் செய்யும்போது எதிர்ப்பக்கக் கனெக்டரைச் செருகி வைத்தால் பின் நகராது. ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், ரோசின் போதும்.

தூசுக்கு வருவோம். ஒரு காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றித் தென்பெண்ணை மணலில் இழுத்துப் பாருங்கள், கருந்துகள் மயிர்மயிராக ஒட்டிக்கொண்டு வரும். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். கிராலர்களில் வரும் திறந்த மூடி பிரஷ்டு மோட்டாருக்குள் இந்தத் துகள் போய், பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரை அரைக்கிறது. மணலில் ஓட்டுபவருக்கு மூடிய மோட்டாரைச் சொல்லுங்கள். ஈ.எஸ்.சி. ஃபேனும் கிரானைட் தூசில் சீக்கிரம் இறுகிவிடும், விரலால் சுற்றிப் பாருங்கள். "வாட்டர்ப்ரூஃப்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் ஃபேனுக்குப் பொருந்தாது.

கட்-ஆஃப், அதாவது பேட்டரி வோல்டேஜ் இறங்கியதும் ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தும் அளவு, சின்ன விஷயம், ஆனால் அதிகம் தவறுவது. சில ஈ.எஸ்.சி.களில் லைப்போவா, நிக்கல் பேட்டரியா என்று ஒரு குட்டி ஜம்பர் தீர்மானிக்கும். அது நிக்கலில் இருந்தால் லைப்போ அடிமட்டம் வரை காலியாகி ஊதிப்போகும். செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள்.

கடைசியாக, இதில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டோம்: ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட் சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நிற்பது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரம் தரையில் படாமல், கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடும். 4 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி ஓடினால் எதிரே நிற்கும் குழந்தையின் கால் என்னாகும்? இரண்டு நிமிடச் சோதனை இது. வாங்க வந்தவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள், ஃபெயில்சேஃப் அமைக்க முடியாத ரிசீவரை விற்காதீர்கள்.

மேனுவல் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான் வருகிறது. டயர் விட்டம், பினியன் பல், பி.ஈ.சி. வோல்ட், கட்-ஆஃப், ஃபெயில்சேஃப் பார்த்த தேதி, இந்த ஐந்தையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதிப் பாடியின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வண்டி எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே இருப்பவர் முதலில் அதைப் படிப்பார்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆர்.சி. டிரக் ஓட்டுபவர்கள்