அப்பாவுக்கு, ஆஸ்திரேலியா ஜிலாங்லருந்து

அப்பா எப்படி இருக்க, அம்மா கால்வலி பரவால்லயா. போன்ல பேச ஆரம்பிச்சா நீயும் தளி சித்தப்பாவும் ஒரே நேரத்துல கத்துறீங்க, ஸ்பீக்கர்ல ஒன்னும் வெளங்கல, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், தங்கச்சிய படிச்சு காட்ட சொல்லு.

சித்தப்பா கேட்டாரே, சிட்டிசன் ஆயி மொத ஓட்டு போட்டியே, லெப்டுக்கா ரைட்டுக்கான்னு. யாருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா போட்டேன், இங்க போடலன்னா 20 டாலர் பைன். போன மே மாசம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஸ்கூல்ல, வெளிய ரொட்டியில சாசேஜ் வெச்சு விக்கறாங்க, உள்ள போனா நிக்கற எல்லாருக்கும் புடிச்ச வரிசையில 1, 2, 3ன்னு நம்பர் போடணும், ஆகவே ஆகாதவனுக்கும் கடைசி நம்பர் நம்ம கையால தான் போடணும்!

இந்த லெப்ட் ரைட்ங்கறதே உக்காந்த எடத்தோட பேரு தான்ப்பா. 1789ல பிரான்ஸ்ல, ராஜாவுக்கு வீட்டோ, அதாவது சபை போடற சட்டத்த தடுக்கற அதிகாரம், வேணும்னவன் சபை தலைவருக்கு வலது பக்கம், வேணாம்னவன் இடது பக்கம். பணம் காசு பேச்செல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. இங்க லிபரல்னு பேரு வெச்ச கட்சி தான் ரைட்டு, அமெரிக்காவுல லிபரல்னு சொன்னா லெப்டுங்கறான், எனக்கே ஒரு வருசம் தலை சுத்துச்சு.

லேபர் கட்சி யூனியன்காரங்க ஆரம்பிச்சது, லெப்டு. பாப்பா பொறந்தப்ப கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒரு டாலர் கூட நான் கட்டலியே, மெடிகேர்ங்கற அந்த அரசாங்க வைத்திய திட்டம் 1984ல அவங்க கொண்டாந்தது. சித்தப்பாவுக்கு இது புடிக்கும். ஆனா அதே ஆட்சி தான் அதுக்கு முந்தின வருசம் டாலர் விலைய மார்க்கெட்டே பாத்துக்கட்டும்னு அவுத்து விட்டது, அப்புறம் அரசாங்க பேங்கான காமன்வெல்த் பேங்கையும் குவாண்டாஸ் பிளேன் கம்பெனியையும் வித்ததும் அவங்க தான். அந்தப் பக்கம் லிபரல் ஆட்சி, கொரோனா வந்த 2020ல, கம்பெனி வழியா ஆளுக்கு ரெண்டு வாரத்துக்கு 1500 டாலர் குடுத்துச்சு, நானும் வாங்குனேன். நம்மூர்ல மட்டும் என்ன, 1969ல 14 தனியார் பேங்க அரசாங்கத்துக்கு எடுத்ததும் காங்கிரஸ், 1991ல வெளிநாட்டு கம்பெனிக்கு கதவ தெறந்ததும் காங்கிரஸ்.

சரி நம்ம மாங்காவுக்கு வரேன். போன வருசம் பெங்களூரா கிலோ 5 ரூபாய்க்கு கேட்டானுங்க, பறிக்கற கூலி கூட வரலன்னு மரத்துலயே விட்டீங்களே, அப்ப சித்தப்பா சொன்னாரு லெப்ட் ஆட்சி இருந்தா வெலை கட்டி குடுத்திருப்பான்னு. ஆனா ஆந்திராவுல சந்திரபாபு நாயுடு, கம்பெனிக்காரங்களுக்கு ரத்தினக் கம்பளம் விரிக்கற ஆளு, பிஜேபியோட கூட்டணி வேற, அவரு ஆட்சி தான் சித்தூர் பக்கம் மாங்கா கூழ் பேக்டரி 8 ரூபா அரசு 4 ரூபான்னு 12 ரூபா ஆக்குச்சு.

வருசா வருசம் கவர்மெண்ட் ஒரே வெலைய கட்டிடணும்னு நீ சொல்றது தான் எனக்கு பயமா இருக்கு. என் கூட குடோன்ல ஒரு பெருசு வேல பாக்கறாரு, அவங்கப்பா ஆடு வளத்தவரு. இந்த ஜிலாங்கே கம்பளி ஊரு. கம்பளிக்கு இங்க 1970கள்லருந்தே அடிமட்ட வெலை இருந்துச்சு, அதுக்கு கீழ எவன் கேட்டாலும் ஒரு வாரியமே வாங்கி குடோன்ல போட்டுக்கும். 1988ல அந்த வெலைய கிலோவுக்கு 8 டாலர் 70 சென்ட்டுன்னு ஏத்துனாங்க. நல்ல வெலைன்னு ஊரே ஆட்ட பெருக்கிடுச்சு, 17 கோடி ஆடுன்னு சொல்றாங்க, அப்ப பாத்து சீனாவும் ரஷ்யாவும் வாங்கறத கொறச்சிட்டாங்க, வாரியம் வாங்கி வாங்கி அடுக்கி 1991 பிப்ரவரில 47 லட்சம் பேல், அதாவது கம்பளி மூட்டை, தேங்கிப் போய் திட்டத்தையே இழுத்து மூடிட்டாங்க. ஆட்ட விக்க முடியாம லட்சக்கணக்குல சுட்டு குழி தோண்டி பொதச்சாங்க, அந்த பெருசும் ஸ்கூல் லீவுல அவங்கப்பா கூட நின்னு பாத்திருக்காரு, அத சொல்றப்ப டீய கையிலயே வெச்சிருந்தாரு, குடிக்கல. தேங்குன கம்பளிய வித்து முடிக்க 2001 வரைக்கும் ஆச்சு, கடனும் விவசாயி தலையில தான், அவங்க கட்டுன வரியில ஓடுன திட்டம் அது.

அதுல லெப்டு எது ரைட்டு எதுன்னு நீயே சொல்லு. வெலை விழுந்த வருசம் ஆந்திரா மாதிரி மேல 4 ரூபா போட்டு குடுத்தா சரி, சித்தப்பா அதுக்கு கொடி புடிச்சா நானும் வரேன். ஆனா நிரந்தரமா வெலை கட்டிட்டா காவேரிப்பட்டணம் முழுக்க பெங்களூராவே நட்ருவாங்க, கூழ் டின் அடுக்க எடம் இருக்காது. செந்தூரா மரத்த வெட்டிட்டு அதையும் பெங்களூரா ஆக்கறேன்னியே, அத மட்டும் இந்த வருசம் செய்யாதப்பா.

மரத்துல பூ வந்துடுச்சா, தங்கச்சிய போட்டோ அனுப்ப சொல்லு. மருந்தடிக்க பணம் திங்கக்கிழமை ஏறிடும். சித்தப்பாகிட்ட இத முழுசா படிச்சு காட்டு, பாதியில எந்திரிச்சு போக விடாத.